தானா எழுதாத போன்

தேவகனி அக்காளைச் சாகடித்தது செல்வதாஸின் வலது கைக் கட்டைவிரல். மனதில் அவருக்கு அப்படி ஓர் எண்ணமே கிடையாது. இதை அவர் போதகரிடம் சொன்னார், கமிட்டியில் சொன்னார், தெருவில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். நம்பியவர் யாருமில்லை.

புதுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சபைக்குச் செல்வதாஸ்தான் செயலாளர். கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானம், கல்யாணம், உபவாச ஜெபம், மரணம் என்று சபையின் வாட்ஸ்அப் குழுவில் எது வந்தாலும் அவர் கையால்தான் வரும். மனைவி இறந்துபோய், பிள்ளைகளும் இல்லாத அந்த வீட்டில் அவரைத் தேடி வருகிற ஒரே சத்தம் அந்தக் குழுவின் 'டிங்' மட்டுந்தான். "செல்வதாஸ் சார் போட்டாச்சா?" என்று ஊர் கேட்கும்போது அவருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அதை அவர் பெரிதாக மறைத்ததும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்த தேவகனி அக்காள் தேறி வீட்டுக்கு வந்த அன்று, செல்வதாஸ் சந்தோஷமாக அறிவிப்பு எழுத உட்கார்ந்தார். 'தேவகனி அம்மா அவர்கள் கர்த்தருடைய கிருபையால் இன்று வீடு வந்து சேர்ந்தார்கள்' என்பதுதான் அவர் நினைத்தது. ஆனால் அது தொடுதிரை போன். எழுத்துகள் அரிசி மாதிரி பொடிசாக இருக்க, அவர் விரலோ நேந்திரம்பழக் கனம். 'கர்த்' என்று தட்டியதும் போன் முந்திக்கொண்டு 'கர்த்தருக்குள்' என்று காட்டியது. அதை அமுக்கினார். அடுத்து 'நித்திரை' என்றது, பிறகு 'அடைந்தார்கள்' என்றது. விரல் போன போக்கில் அமுக்கிக்கொண்டே போய் அனுப்பியும் விட்டார். போனையும் குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷமாக மனிதர் அதற்குச் சொல்லிக் கொடுத்தது முழுக்கச் சாவுச் செய்தி. அது வேறு எதைக் கற்றுக்கொள்ளும்?

தவறு புரிந்ததும் அவசர அவசரமாகத் திருத்தம் போட்டார். 'மேற்படி செய்தி தவறு. ஆகவே அடக்க ஆராதனை இல்லை.' இல்லை என்ற சொல்லைப் போனுக்குப் பிடிக்கவில்லை போலும். குழுவில் போய் விழுந்தது இப்படி: 'மேற்படி செய்தி தவறு. ஆகவே அடக்க ஆராதனை இல்லத்தில்.'

அதைப் படித்தவர்கள், ஏதோ ஆலயத்தில் வைக்க இருந்த அடக்கத்தை வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் அக்காள் வீட்டு முற்றத்தில் நாற்காலி வந்து இறங்கியது. பந்தல்காரன் கம்பு ஊன்றக் குழி தோண்டினான். மலர்வளையத்தோடு ஒரு ஆட்டோ வந்தது. கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த தேவகனி அக்காளின் போன் அடித்தது. சவப்பெட்டிக் கடைக்காரர், வீட்டில் யாரோ பெண்பிள்ளை என்று நினைத்துப் பணிவாகக் கேட்டார்.

"மரிச்ச அம்மைக்கு எத்தன அடிப் பெட்டி வேணும்?"

"எனக்கா? அஞ்சடி போதும். ஆனா திறுதி ஒண்ணும் இல்ல, மெதுவா கொண்டாருங்க," என்றாள் அக்காள்.

அன்று முழுக்க அக்காள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அழுதபடி வந்தவர்களை அவளே வாசலுக்குப் போய் "வாருங்க, இருங்க, சாயா குடிங்க" என்று அழைத்தாள். ஒருத்தி அவளைப் பார்த்து முற்றத்திலேயே மயங்கி விழுந்தாள். அதற்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நின்றது ஒரே ஒரு இடத்தில்தான்.

குவைத்தில் இருக்கும் அவளுடைய ஒரே மகன் ஜெபிஷ் குழுவில் குரல் செய்தி போட்டிருந்தான். செத்தவர் போனை யார் எடுக்கப் போகிறார்கள் என்று அம்மாவைக் கூப்பிட அவனுக்குத் தோன்றவில்லை. "அம்மா போயிற்றாளே" என்று விம்மி விம்மி அழுதான். அழுகைக்கு நடுவே, "எனக்கு லீவு கெடைக்கியது கஷ்டமாக்கும். அடக்கத்த ஆராவது லைவ் போட ஏற்பாடு பண்ணுங்க," என்றான். பிறகு உண்மை தெரிந்ததும் அதே குழுவில் எழுதினான்: 'ஸ்தோத்திரம். நல்லவேளை, டிக்கெட் போடல்ல.'

அக்காள் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அதைக் கேள்விப்பட்ட செல்வதாஸ், தன்மேல் உள்ள கோபம்தான் அது என்று எடுத்துக்கொண்டார்.

இதற்குள் சபைப் பொருளாளர் ஜெஸ்பின் காரியத்தில் இறங்கிவிட்டான். முப்பது வயதுக்காரன், செயலாளர் நாற்காலிமேல் வெகுநாளாக ஒரு கண். "உயிரோட உள்ள ஆள அடக்கம் பண்ணின செயலாளர் ஒலகத்துல நம்ம சபைக்கு மட்டுந்தான் உண்டு. வயசாச்சு, சாருக்கு ரெஸ்ட் குடுப்போம்," என்றான் கமிட்டியில். போதகர் நல்ல மனிதர். யாருக்கும் பதில் சொல்ல விரும்பாத நல்ல மனிதர். "தேவகனி அம்மா மன்னிச்சா சபையும் மன்னிக்கும். ஞாயிற்றுக்கிழமை முடிவு பண்ணலாம்," என்று எழுந்துகொண்டார்.

செல்வதாஸ் அக்காள் வீட்டுக்குப் போய் வாசற்படியில் நின்றார். இந்தப் பதவியும் போனால் அந்த வீட்டில் 'டிங்' கூட இருக்காது.

"லேய் தாசு, என்னக் கொன்னது ஆரு?"

"போனாக்கும் அக்கா. அது தானா எழுதிச்சு."

"அப்ப தானா எழுதாத போன் ஒண்ணு வாங்கிற்று வா. பட்டன் உள்ளது. அமுக்கினா மட்டும் எழுதணும், அமுக்காத்தது ஒண்ணும் வரப்பிடாது. அதுக்குப் பொறவு மன்னிக்கிய காரியம் பேசலாம்."

மறுநாள் செல்வதாஸ் புதுக்கடையில் ஷிஜினின் போன் கடைக்குப் போனார். ஷிஜின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டாக மடங்குவது, புத்தகம் போல் திறப்பது என்று எதையெல்லாமோ எடுத்து வைத்தான். செல்வதாஸ் தலையை ஆட்டினார்.

"எனக்குப் பட்டன் வேணும். அமுக்கினா டக்குனு விரலுக்குத் தெரியணும். வாட்ஸ்அப் வேணும். தமிழ் வேணும். முக்கியமா, அது எனக்குப் புத்தி செல்லப்பிடாது."

"பட்டன் எதுக்கு சாரே? பேசினா போதும், அதுவே எழுதும். பேசிப் பாருங்க."

செல்வதாஸ் தொண்டையைக் கனைத்து, பிரசங்கம் செய்வதுபோல் நிறுத்திச் சொன்னார்: "தேவகனியக்கா செத்துப் போவல்ல, கேட்டியளா?"

போன் எழுதியது: 'தேவ கன்னி அக்கா சொத்து போகவில்லை கேட்டீர்களா.'

"அய்யோ, இது போச்சுண்ணா வில்லங்கமாயிரும். அவியளுக்க பெரியப்பன் மக்க எல்லாம் வக்கீலையும் கூட்டிற்று வருவாவ," என்று செல்வதாஸ் போனைத் தள்ளி வைத்தார்.

அடுத்து ஷிஜின், டார்ச்சும் ரேடியோவும் உள்ள சின்னப் பட்டன் போனை எடுத்தான். பட்டன் என்னவோ நல்ல கெட்டி. ஆனால் ஓர் எழுத்து வர ஒரே பட்டனை மூன்று தடவை, நாலு தடவை குத்த வேண்டும். செல்வதாஸ் குத்தினார். 'தேவகனி' முடிவதற்குள் கடைப் பையன் கொண்டு வைத்த சாயா ஆறி ஆடை கட்டியது. 'உயிரோடு' பாதியில் நிற்கும்போது திரை அணைந்தது.

"இதுல எழுதி முடிக்கியதுக்குள்ள அக்கா நெசமாவே போயிருவாவ, சாரே," என்றான் ஷிஜின். செல்வதாஸுக்கும் அது சரியென்றே பட்டது.

கடைசியில் ஷிஜின் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு போனை எடுத்தான். துபாயிலிருந்து வந்த ஒருவர் விற்றுவிட்டுப் போனது. மேலே திரை, கீழே வரிசை வரிசையாக முழு விசைப்பலகை. தட்டச்சு இயந்திரம் குட்டி போட்ட மாதிரி இருந்தது. செல்வதாஸின் விரல்கள் தாமாகவே போய் அதன்மேல் உட்கார்ந்தன. டக், டக் என்று ஒவ்வொரு விசையும் பதில் சொன்னது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் விசைகளில் இருந்தது ஆங்கிலமும் அரபியும்.

"தமிழ் உள்ள போட்டுத் தாறேன். பழைய டைப்ரைட்டிங் முறையே உண்டு. அது தானா சொல்லு எடுத்துக் காட்டுகத நிப்பாட்டிரலாம். ஆனா பட்டன்மேல எழுத்து இருக்காது. மனசிலாச்சா?"

"எழுத்து எதுக்குலே? யளனகபன்னு டைப்ரைட்டர் வரிசை எனக்குத் தூக்கத்துலயும் வரும். இத நம்பலாமா, அதச் செல்லு."

"போன நம்பலாம் சாரே. விரலத்தான்..." என்று இழுத்தான் ஷிஜின்.

அது செல்வதாஸுக்குச் சுருக்கென்றது. தட்டச்சு இயந்திரத்தில் பத்து விரல். இங்கே இரண்டு கட்டைவிரல். தூக்கத்தில் வருவதெல்லாம் அந்தப் பத்து விரலுக்குத்தானே? வீட்டுக்கு வந்ததும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்தார். அதைப் பொட்டுப் பொட்டாக வெட்டி, கறுப்பு மையால் எழுத்தெழுதி, ஒவ்வொரு விசையிலும் ஒட்டினார். முடிந்தபோது அந்தப் போனைப் பார்க்க அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அதை அக்காள் முன்னால் வைத்தார். அக்காள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு என்னலே, இத்தன முறிவு?"

"எழுத்தாக்கும் அக்கா. இனி தானா ஒரு புள்ளி கூட வராது. குரூப்புல மன்னிப்பு எழுதட்டா? நீங்க செல்லுங்க, அப்படியே அடிக்கேன்."

"நான் செல்லது மட்டுந்தான் வருமா? கூடயும் கொறையவும் செய்யாதே?"

"செய்யாது."

"அப்ப அடி. குரூப்புக்கு இல்ல. ஜெபிஷுக்கு."

செல்வதாஸ் நிமிர்ந்து பார்த்தார். அக்காள் அவரைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கும் மகனின் கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் ஒவ்வோர் எழுத்தாக அமுக்கினார்.

'மக்கா, அம்மைக்க அடக்கம் லைவுல வராது. அம்மைக்கு உயிர் இருக்கும்போ ஒரு தடவ வந்து பாரு.'

செல்வதாஸின் விரல் அதோடு நின்றது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்தது தன்மேல் உள்ள கோபத்தால் இல்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய போனாக இருந்தால் இந்த இடத்தில் 'வாழ்த்துகள்', 'ஆமென்' என்று எதையாவது நீட்டியிருக்கும். இதில் ஒன்றும் வரவில்லை.

"கடைசியில 'அன்புடன் அம்மா'ன்னு போடட்டா?"

"வேண்டாம். அத அவன் வரும்போ நான் நேருல செல்லிக்கிடுதேன்."

அனுப்பினார். இரண்டு கோடும் நீலமாயின. ஜெபிஷ் எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, மறுபடி நின்றது. பிறகு அக்காளின் போன் அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, "அழாதலே... செரி... செரி மக்கா," என்று மட்டும் சொன்னாள். செல்வதாஸ் எழுந்து முற்றத்துக்கு வந்து, பந்தல்காரன் மூடாமல் விட்டுப் போன குழியைக் காலால் மண் தள்ளி மூடிக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காள் கமிட்டி அறைக்குள் நுழைந்தாள். "செத்தது நான். எனக்கே இல்லாத கொறை ஒங்களுக்கு என்ன?" என்றாள். போதகர் உடனே முடிவு ஜெபம் ஏறெடுத்துவிட்டார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஜெபிஷ் பெட்டியும் பையுமாக வந்து இறங்கினான். செல்வதாஸ் தன் வீட்டில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து, முன்பு எழுத முடியாமல் போன அந்த வரியை டக் டக்கென்று அடித்தார்.

'தேவகனி அம்மா அவர்களின் மகன் ஜெபிஷ், கர்த்தருடைய கிருபையால் இன்று வீடு வந்து சேர்ந்தார்.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். வாய்விட்டு இன்னொரு முறை படித்தார். ஒரு புள்ளி மாறவில்லை. அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

'டிங்' என்றது. முதல் பதில் பொருளாளர் ஜெஸ்பினிடமிருந்து வந்திருந்தது.

'ஆழ்ந்த இரங்கல்கள்.'

செல்வதாஸ் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் தேவகனி அக்காள் போனில் கூப்பிட்டாள்.

"லேய் தாசு, பாத்தியா? இவனையும் கொன்னாச்சு. நீ சோறு திங்க இங்க வா, ஜெபிஷ் கெடந்து சிரிக்கியான். வரும்போ அந்தப் பிளாஸ்திரியில மிச்சம் இருந்தா எடுத்திற்று வா. ஜெஸ்பினுக்கும் ஒரு போன் ஒட்டிக் குடுப்போம்."