அந்தப் பக்கம் முப்பது, இந்தப் பக்கம் முப்பது

மீட்டர்காரர் ஓய்வு பெற்று ஏழு வருஷமாயிற்று. அதற்கு முன் முப்பத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவர். அந்த வேலையில் பேச்சுக்கு இடமே கிடையாது. உள்ளே போகும்போது "மீட்டர்" என்று ஒரு சொல், வெளியே வரும்போது "சரிங்க" என்று ஒரு சொல். நாளுக்கு இருநூறு வாசல். பேசாத பேச்செல்லாம் அவர் வயிற்றுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகியிருக்க வேண்டும், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அணை உடைந்தது. அன்றைக்கு முதலில் எதிர்ப்பட்டவர் பால் போட வந்த ஆள். அவர் அடுத்த வாரமே வேறு பேட்டைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். நடந்தாலும் நடந்திருக்கும்.

ஆனால் வீட்டில் அவர் வாய் திறக்க வழியில்லை. கூடம் மகனுடைய ஆபீஸ். படுக்கையறை மருமகளுடைய ஆபீஸ். இரண்டு பேரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து காலையிலிருந்து இருட்டும்வரை மீட்டிங். சமையலறை மனைவியின் ஆட்சி, அங்கே அந்நியர் நுழைந்தால் கரண்டி பேசும். மிச்சமிருந்தது பால்கனி. அதிலும் முக்கால்வாசியை வாஷிங் மிஷின் பிடித்துக்கொண்டது. மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். அதில்தான் மீட்டர்காரர், முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு.

அதிலும் ஒரு சட்டம் உண்டு. மகனோ மருமகளோ ஒரு விரலைத் தூக்கினால் மீட்டிங் சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம். வீட்டில் ஒரு துரும்பு அசையக்கூடாது. ஒருமுறை மகன் விரலைத் தூக்கிய நேரத்தில் இவர் கொட்டாவிக்காக வாயைத் திறந்திருந்தார். மீட்டிங் முடிய முக்கால் மணி நேரம். வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது, ஒரு ஈ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

இப்படிப்பட்டவருக்கு இந்தப் பூமியில் இருந்த ஒரே போக்கிடம் குடியிருப்பின் நடுவிலிருந்த புல்வெளி. புதன், சனி மாலை ஐந்து மணிக்கு ஷெட்டைத் திறந்து புல்வெட்டும் மிஷினை வெளியே தள்ளி, ஒரு மணி நேரம் வெட்டுவார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, இவராக எடுத்துக்கொண்ட பொறுப்பு. மிஷின் போடுகிற இரைச்சலில் அவர் பேசுவது அவருக்கே கேட்காது, ஆனாலும் பேசுவார். வெட்டி முடித்தபின் அந்தப் பக்கம் நடக்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக அகப்படுவார்கள்.

அந்தக் குடியிருப்புக்காரர்களைப் பற்றி அவருக்கு ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம். காரணம், அவர்களுடைய பாதுகாப்பு உணர்ச்சி. அவர் மிஷினைத் தள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் "ஏய், பிளேடு வருது" என்று எச்சரிப்பார். உடனே பெரியவர்கள் உட்பட எல்லோரும் நாலாபக்கமும் ஒதுங்கிவிடுவார்கள். என்ன கட்டுப்பாடு, என்ன ஒழுங்கு! சில நாள் மிஷின் இல்லாமல் வெறுங்கையோடு வரும்போதுகூட அந்தக் குரல் எழும். பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க ஒத்திகை பார்க்கிறார்கள் என்று நினைத்து மெச்சிக்கொள்வார்.

சமீபமாகப் புல்வெளி பழுத்துக்கொண்டு வந்தது. வெட்டிய இரண்டாம் நாளே நுனியெல்லாம் தவிட்டு நிறம். கேட்டவர்களுக்கெல்லாம் இவர் காரணம் வைத்திருந்தார். ஒருத்தரிடம் வெயில் என்றார், இன்னொருத்தரிடம் மூன்றாம் மாடி நாய் என்றார். போன வாரம் மதில் சுவருக்கு அடித்த பெயிண்டின் வாசனை புல்லுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுகூட முக்கால் மணி நேரம் நிரூபித்தார்.

அந்தச் சனிக்கிழமை மகனுக்கும் மருமகளுக்கும் ஒரே நேரத்தில் விரல் தூக்குகிற மீட்டிங் வந்து சேர்ந்தது. மூச்சு முட்டிப்போய் மூன்று மணிக்கே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மீட்டர்காரர் நழுவினார். நேராகப் போய் ஷெட்டுக்குள் நுழைந்தார். தகரக் கூரை, ஜன்னல் கிடையாது, மேலே ஒரு காற்றோட்டத் துவாரம், அவ்வளவுதான். மிஷினுக்குப் பின்னால் பெட்ரோல் கேனைத் தேடிக் குனிந்திருந்த சமயம், வெளியே யாரோ "கதவைத் தொறந்து போட்டுட்டே போயிடுவாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டார்கள்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருடைய குரல். அவர் செருப்புக் கடை வைத்திருக்கிறவர். கூடவே பொருளாளர், பல் டாக்டரம்மா. இரண்டு பேரும் ஷெட் சுவரை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மீட்டர்காரர் கூப்பிடுவதற்காக வாயைத் திறந்தார்.

"நுனியைப் பாருங்க டாக்டரம்மா, எலி கடிச்ச மாதிரி இருக்கு. பிளேடு மொக்கையாயிடுச்சு. நாலரைக்கு மெக்கானிக் வராரு, கழட்டிப் பார்த்துடுவாரு" என்றார் செயலாளர்.

"அந்த பிளேடு சரி. நம்ம பிளேடை என்ன பண்றது?"

மிஷினுக்கு ஒரு பிளேடுதானே, இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று உள்ளே இருந்தவர் யோசித்தார்.

"அவரையும் சேர்த்துக் கழட்டி விட்டுட வேண்டியதுதான். ஏழு வருஷமா வெட்டறாரு, ஒரு நாள் மிஷினைத் திருப்பிப் பார்த்திருப்பாரா? வாராவாரம் மெக்கானிக்கே வந்து வெட்டிக் குடுத்துடறேங்கறாரு. பிளேடு மொக்கைன்னு அவர் வாயால வந்துட்டா போதும், இவர்கிட்ட சொல்ல நமக்கு ஒரு காரணம் கெடச்சிடும்."

'அவரையும்' என்ற சொல் தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி விழுந்தது. ஏழு வருஷத்து "பிளேடு வருது" எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் முன்னால் வரிசையில் நின்றன. மிஷின் இல்லாத நாட்களில் கேட்டவை முன்வரிசையில்.

திறந்த வாயை மூடிக்கொண்டார். இப்போது கதவைத் தட்டினால் எல்லாம் காதில் விழுந்தது என்று ஆகிவிடும். தட்டாவிட்டால் நாலரைக்கு மெக்கானிக் வந்து மிஷினைத் திருப்புவார். அதோடு புதனும் போயிற்று, சனியும் போயிற்று. அப்புறம் ஸ்டூல், வாஷிங் மிஷின், தூக்கிய விரல். எலிப்பொறிக்குள் போன எலிக்காவது மசால் வடை உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

சத்தமில்லாமல் மிஷினைச் சாய்த்து அடியில் பார்த்தார். செயலாளர் பொய் சொல்லவில்லை. பிளேடின் இரண்டு முனைகளும் கிழவர் ஈறு மாதிரி வழவழவென்றிருந்தன. அதைக் கொண்டு புல்லை மிரட்டலாம், வெட்ட முடியாது.

சுவரில் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கியது. மிஷினோடு வந்த கையேடு. "எதுக்கும் கையேட்டைப் படிக்கணும்ங்க" என்று ஊரெல்லாம் உபதேசம் பண்ணியவர் அந்த உறையை இன்றுவரை பிரித்ததில்லை. துவாரத்து வெளிச்சத்தில் பிரித்தார். பதினோராம் பக்கத்தில் அவருடைய குற்றப்பத்திரிகை இருந்தது. இருபத்தைந்து மணி நேரம் ஓடியதும் ஒருமுறை பிளேடைத் தீட்ட வேண்டும். கல்லிலோ வேரிலோ மோதினால் காத்திருக்காமல் உடனே. மழுங்கின பிளேடு புல்லை அறுக்காது, பிய்க்கும். பிய்ந்த நுனி காய்ந்து பழுக்கும், நோயும் அந்தக் கிழிசல் வழியாகத்தான் ஏறும். பாவம் மூன்றாம் மாடி நாய்.

எண் என்று வந்தால் மீட்டர்காரருக்குக் கை சும்மா இருக்காது. வாரம் இரண்டு மணி, வருஷத்துக்கு நூற்று நான்கு, ஏழு வருஷத்துக்கு எழுநூற்று இருபத்தெட்டு. இருபத்தொன்பது தடவை தீட்டியிருக்க வேண்டும். ஒரு தடவைகூட இல்லை.

தீட்டலாம்தான். அலமாரியில் ஸ்பேனர் இருந்தது, தட்டை அரமும் இருந்தது. ஆனால் அரம் இரும்பில் உரசினால் ஊருக்கே பல் கூசும், அதிலும் வெளியே உட்கார்ந்திருப்பவர் பல் டாக்டர். என்ன செய்வதென்று நின்றபோது, பக்கத்து அறையில் தண்ணீர்த் தொட்டி நிரப்புகிற மோட்டார் உறுமத் தொடங்கியது. வாழ்நாளெல்லாம் அந்த மோட்டாரைத் திட்டியவர் அன்றைக்கு அதைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

கையேட்டில் சொன்னபடியே போனார். முதலில் பிளக் ஒயரைப் பிடுங்கினார். இல்லாவிட்டால் பிளேடைத் திருப்பும்போது எஞ்சின் உயிர்பெற்று விரலைக் கேட்கும். மிஷினைக் காற்று வடிகட்டி மேலே இருக்கும்படி சாய்த்தார். பிளேடு சுழலாமல் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, தம் கட்டிப் போல்ட்டைத் திருகினார். எந்தப் பக்கம் கீழே என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டார். தலைகீழாக மாட்டினால் எவ்வளவு தீட்டியும் பயனில்லையாம். ஒட்டியிருந்த காய்ந்த புல்லைச் சுரண்டினார். பிறகு அரத்தை எடுத்து, பழைய சரிவு எப்படியோ அப்படியே, ஒரே திசையில் இழுத்தார். முப்பது இழுப்பில் முதல் முனை வெள்ளிக் கோடு போட்டது. சவரக்கத்தி கூர் கூடாது, சீக்கிரம் மடங்கிவிடும் என்று எழுதியிருந்தது. விரலை வைத்தால் கீறக்கூடாது, புல்லை வைத்தால் விடக்கூடாது, அதுதான் பதம்.

பதம் வந்தது. மோட்டார் நின்றது.

பிளேடின் நடு ஓட்டையை ஆணியில் மாட்டிப் பார்த்தார். தீட்டாத முனை தொப்பென்று கீழே போயிற்று. அந்தக் கோலத்தில் மிஷினில் பூட்டினால் அது வெறிபிடித்த மாதிரி குலுங்கும். ஒரு பக்கம் மட்டும் தீட்டுவதற்குத் தீட்டாமலேயே இருந்திருக்கலாம். மணி நான்கு. இன்னும் முப்பது இழுப்பு. வெளியே மயான அமைதி.

அப்போதுதான் செயலாளர் ஒரு கதை ஆரம்பித்தார். பிளேடோடு லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை. ஏழாம் மாடிக்குப் போக வேண்டியவர், பேச்சிலிருந்து தப்புவதற்காக இரண்டாம் மாடியிலேயே இறங்கி, அறிமுகமே இல்லாத ஒரு வீட்டின் அழைப்புமணியை அடித்து உள்ளே போய்க் காபி சாப்பிட்டுவிட்டு வந்தாராம். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் மறைவில் மீட்டர்காரர் சரக், சரக் என்று இரண்டு இழுத்தார். யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்தது டாக்டரம்மாவின் முறை. பல் பிடுங்க வந்த பிளேடுக்கு வாயில் பஞ்சை அடைத்தபிறகும் பேச்சு நிற்கவில்லையாம். மரத்துப்போன நாக்கோடு மூன்று ஃபேஸ் மின்சாரத்தை விளக்கினாராம். பிடுங்கிய பல்லைக்கூடப் பார்க்காமல் போனாராம். செயலாளர் சிரித்த சிரிப்பில் நான்கு இழுப்பு தேறியது.

கொஞ்ச நேரத்தில் நிலைமை விபரீதமாகப் போயிற்று. தன்னைப் பற்றி இன்னும் நன்றாகக் கேலி செய்ய மாட்டார்களா என்று மீட்டர்காரர் ஏங்க ஆரம்பித்தார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் மீட்டர் வேகமாக ஓடுவதைக் கண்டுபிடித்த கதையை அவர்கள் தொட்டுவிட்டு நகர்ந்தபோது, அதில் இன்னும் ருசியான பகுதி இருக்கிறதே, விட்டுவிட்டார்களே என்று உள்ளே தவித்தார். முகம் காந்தியது, கை மட்டும் கணக்காக இழுத்தது. பதினாறு. இருபத்திரண்டு. தவறான எண்ணுக்கு போன் போட்டவரை ஒன்றரை மணி நேரம் பிடித்துவைத்த கதைக்கு ஆறு. இருபத்தெட்டு.

இன்னும் இரண்டு. செயலாளர் அடுத்த கதைக்குத் தொண்டையைக் கனைத்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"போதுங்க. போன மாசம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். வாஷிங் மிஷின் இடுக்குல ஒரு ஸ்டூல்ல உக்காந்திருக்காரு மனுஷன். மருமக ஒரு விரலைத் தூக்குனா, உடனே இவரு என்னைப் பார்த்து வாங்கன்னுகூட சொல்லல, தலையை மட்டும் ஆட்டுனாரு. இங்க வந்து பேசலைன்னா வேற எங்க பேசுவாரு?"

அப்புறம் யாரும் பேசவில்லை. கேலி செய்தவரைக்கும் வேலை நடந்தது, பரிதாபப்பட்டதும் நின்றுவிட்டது. இரண்டே இரண்டு இழுப்பு பாக்கி. அரம் கையில் அந்தரத்தில் நின்றது. கண்ணில் என்னவோ கரித்தது, துடைக்கவும் பயமாக இருந்தது.

நாலரைக்கு மெக்கானிக்கின் பைக் படபடவென்று வந்து ஷெட் வாசலிலேயே நின்றது. அந்தப் படபடப்பில் இருபத்தொன்பது, முப்பது. பிளேடை ஆணியில் மாட்டவும் தாழ்ப்பாள் திறக்கவும் சரியாக இருந்தது.

வாசலில் மூன்று பேர். உள்ளே வியர்வையில் குளித்த மீட்டர்காரர். செயலாளரின் முகம், தன் கடையில் இரண்டு இடது கால் செருப்பை விற்றுவிட்டு மாட்டிக்கொண்டவர் முகமாக ஆயிற்று.

"நீங்க எப்போலேந்து சார் உள்ள..."

"மூணு மணிலேந்து" என்றார் மீட்டர்காரர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக்குக் கதை எதுவும் தெரியாது. நேராக ஆணியிடம் போனார். பிளேடு தராசு மாதிரி மட்டமாக நின்றது. விரலால் ஓரத்தைத் தடவினார், சரிவை வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாரு தீட்டுனது? பதமா இருக்கே. எந்த பிளேடுங்க மொக்கைன்னீங்க?"

செயலாளர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தரையைப் பார்த்தார். அந்தக் குறுகலான வாசலில் இரண்டு பேருக்கும் திரும்பக்கூட இடமில்லை.

"அவங்க வேற பிளேடைச் சொன்னாங்க" என்றார் மீட்டர்காரர்.

டாக்டரம்மாதான் முதலில் சுதாரித்தார். வாராவாரம் வர வேண்டாம், புல்லுக்கு எங்களிடம் ஆள் இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் சொன்னார். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு பிளேடைப் பூட்டி, போல்ட்டை இறுக்கிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். மிஷின் வெளியே வந்தது. மீட்டர்காரர் ஒரு வரிசை வெட்டினார், வாயை மூடிக்கொண்டே. செயலாளர் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிப் பார்த்தார். நுனி கத்தரித்த மாதிரி நேராக இருந்தது.

"எப்படி சார் தீட்டுனீங்க?"

"அரத்தாலதான்."

செயலாளர் காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை. ஏழு வருஷமாக எந்த வாயைக் கண்டு ஓடினாரோ, அந்த வாய் மூடியிருப்பதை அவரால் ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு கிளினிக் திறக்க வேண்டும்.

"விவரமா சொல்லுங்க சார்" என்றார் செயலாளர், கெஞ்சுகிற மாதிரி. "எங்களுக்கும் தெரிஞ்சிருக்கட்டும்."

மீட்டர்காரர் எஞ்சினை அணைத்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் நகரவில்லை. இனி நகரவும் மாட்டார்கள் என்று அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல்ல பிளக் ஒயரைக் கழட்டணும். ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?" என்றார்கள் இரண்டு பேரும்.

அன்று டாக்டரம்மா கிளினிக்கைத் திறக்கும்போது மணி ஏழே முக்கால்.