மூன்றாவது தொட்டி

"ரெண்டு சனிக்கிழமை டைம் தரேன்," என்றார் டாக்டர். "அதுக்குள்ள இந்தப் பூச்சி போகணும். இல்லேன்னா மரம் போகணும்."

டாக்டர்தான் எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முதலாளி. நான் அங்கே வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள், பெயர் எழுதுபவள், ரிப்போர்ட்டை உறையில் போட்டு நீட்டுபவள். காத்திருக்கும் அறையின் ஜன்னலோரம் வரிசையாக நிற்கும் ஐந்து எலுமிச்சை மரங்களும் என்னுடையவை. இடுப்பு உயரம்தான் இருக்கும். ஆனாலும் மரம்தான், யாராவது செடி என்றால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். எலுமிச்சம்பழம் பிழிந்து வீச வேண்டிய விதையை மண்ணில் ஊன்றி, எட்டு வருஷம் தொட்டி மாற்றி மாற்றி வளர்த்தவை. இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். வெயில் எட்டிப் பார்க்காத அந்த வீட்டில் மரம் எங்கே பிழைக்கும்? டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி இங்கே கொண்டுவந்து வைத்தேன். இங்கிருந்தும் கிளம்பச் சொன்னால் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது.

பூச்சியின் பெயர் அசுவினி. கடுகைவிடச் சின்னது, பச்சை நிறம், கொழுந்தின் அடியில் ஈஷிக்கொண்டு சாறு உறிஞ்சும். உறிஞ்சியது போக மிச்சத்தைப் பிசுபிசுவென்று சொட்டும். அது தரையில் விழுந்து, மிதித்தவர்களின் செருப்பெல்லாம் 'சப், சப்' என்று ஒட்டியது. வெறும் வயிற்றோடு வந்து எரிச்சலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் ஒன்று போதாதா? புகார் டாக்டர்வரை போய்விட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. தினமும் அரை மணி முன்னதாக வந்து, சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்க் குழாயைப் பீய்ச்சி அடித்தேன். சுருண்ட கொழுந்துகளைக் கிள்ளி எறிந்தேன். வேப்பெண்ணெய் அடித்தேன். அன்று காலை ரத்தம் கொடுக்க வந்த பெண் ஒருத்தி அந்த வாடையில் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாள். மஞ்சள் நிறத்தில் பசை அட்டை விற்கிறார்களே, பூச்சி தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமாம், அதையும் மாட்டினேன். ஒரு பெரியவருடைய தொப்பிதான் ஒட்டிக்கொண்டது.

நான்கு மரங்கள் ஒருமாதிரி வழிக்கு வந்துவிட்டன. மூன்றாவது தொட்டி மட்டும் அடங்க மாட்டேன் என்றது. திங்களன்று துடைத்தால் வியாழனுக்குள் மறுபடி குடும்பம் குட்டியோடு வந்து உட்கார்ந்துவிடும்.

குட்டி என்று சும்மா சொல்லவில்லை. ரத்தம் எடுப்பவரிடம் ஒரு கொழுந்தைக் கொடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொசு. அது அவருக்கும் தெரியும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். மற்ற நாளில் அடுத்தவர் மூத்திரத்தைப் பார்க்கிற கருவியில் அன்று இலையை வைத்துக் கண்ணைப் பதித்தவர், நிமிரவே இல்லை.

"என்னண்ணே?"

"இது முட்டையே போடலம்மா. நேரா குட்டி போடுது. இதோ ஒண்ணு பொறந்துட்டுது."

"நீங்க பிரசவம் பார்த்தது போதும். இது ஏன் திரும்பத் திரும்ப வருது, அதைச் சொல்லுங்க."

அவர் எழுந்து மூன்றாவது தொட்டிவரை வந்தார். தண்டில் எறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. ஓர் எறும்பு அசுவினியின் முதுகைத் தட்டிக் கொடுத்தது. அசுவினி ஒரு சொட்டு விட்டது. எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போயிற்று.

"பால் கறக்குது பாருங்க," என்றார் கொசு. "நீங்க தொடைச்சு எறியறதை இதுங்க மறுபடி தூக்கிட்டு வந்து வைக்குதுங்க. பொறிவண்டு வந்து பூச்சியைத் தின்னலாம்னு பார்த்தாலும் கடிச்சு விரட்டிடும். மொதல்ல எறும்பைத் துரத்துங்க."

தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தேன். மண்ணுக்குள்ளிருந்து ஓர் ஊரே காலி செய்துகொண்டு கிளம்பியது. அவ்வளவு எறும்புக்கு அந்த மண்ணில் அப்படி என்ன விருந்து என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு யோசனையில், அந்தத் தொட்டியை முதலாவது இடத்திலும் முதலாவதை மூன்றாவது இடத்திலும் வைத்தேன்.

வீட்டில் இந்தப் புலம்பலைக் கேட்க ஒரே ஆள் என் கணவர். பேக்கரியில் மாஸ்டர். அவர் அண்ணனுக்குச் சர்க்கரை வியாதியால் இரண்டு கால்விரல்கள் போய்விட்டன. அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவரையும் எங்கள் நிலையத்துக்கு இழுத்து வந்துவிடுவேன். கடைசி இரண்டு தடவையும் நார்மல். ரிப்போர்ட் வருகிற அன்று அதைக் கொண்டாட ஒரு கேக் வேறு கொண்டுவருவார்.

"ஒரு பூச்சியோட போராடறதுக்கு இவ்வளவு மூஞ்சியா?" என்றார், விரலில் ஒட்டிய கிரீமை நக்கிக்கொண்டே. "சாம்பலைத் தூவு. எல்லாம் ஓடிப்போயிடும்."

"தூவியாச்சு. நீங்க புதன்கிழமை டெஸ்டுக்கு வந்து சேருங்க, அது போதும்."

"வரேன் வரேன். என் ரத்தத்துல என்ன இருக்கு? வெல்லப்பாகா ஓடுது?"

முதல் சனிக்கிழமைக்குள் விஷயம் தெளிவாயிற்று. முதலாவது இடத்துக்குப் போன நோயாளி மரம் துளிர்விட்டு நிமிர்ந்துவிட்டது. மூன்றாவது இடத்துக்கு வந்த நல்ல மரத்தின் அடியில் எறும்பு ஊர்வலம், கொழுந்தில் அசுவினி. ஆக, குற்றம் மரத்தில் இல்லை, இடத்தில். அந்த இடத்துக்கு எதிரே ஒரு தடித்த தூண் உண்டு. தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் வரவேற்பிலிருந்து பார்க்க முடியாது, கொசுவின் அறையிலிருந்தும் பார்க்க முடியாது. காலையில் வந்ததும் ஜனங்கள் அந்த நாற்காலிக்கு ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மரத்தின் குளிர்ச்சிக்காக என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். என் புத்தியை எதால் அடிப்பது?

புதன்கிழமை காலை கூட்டம் குறைந்ததும், பஞ்சும் கிண்ணமுமாகத் தொட்டிகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து இலைகளின் அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து பார்த்தால் நான் இருப்பதே தெரியாது. திடீரென்று என் மணிக்கட்டில் ஜில்லென்று ஏதோ கொட்டியது. பிசுபிசுப்பு. எலுமிச்சை வாசனை. நாங்கள் கொடுக்கிற குளுகோஸ் தண்ணீர்!

சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு முதலில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்போம். அடுத்து ஒரு பெரிய கிளாஸ் நிறையக் குளுகோஸ் கரைத்துக் கொடுப்போம். குமட்டுகிற தித்திப்பு, அதை மறைக்கத்தான் எலுமிச்சை மணம். முழுவதும் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மறுபடி ரத்தம் எடுத்து, உடம்பு அந்தச் சர்க்கரையைச் சமாளித்ததா என்று பார்ப்போம். குடிக்காமல் கொட்டிவிட்டால், வியாதி ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கும் நார்மல் என்றுதான் காட்டும்.

நிமிர்ந்து பார்த்தேன். சாய்த்த கிளாஸும் கையுமாக என் கணவர். கையும் களவுமாக என்பார்களே, அதேதான். முகத்தில் ஈயாடவில்லை.

"இங்க என்ன பண்றே?" என்றார்.

"நானா? நான் இங்க வேலை பார்க்கறேன். நீங்க என்ன பண்றீங்க?"

"கொஞ்சம்தான்... வாய்க்குச் சேரலை..." திருதிருவென்று முழித்தவர், தப்பிக்கிற அவசரத்தில் எல்லோரையும் போட்டுக்கொடுத்துவிட்டார். "நான் மட்டுமா? எல்லாரும்தான் ஊத்தறாங்க! இந்த நாற்காலியே அதுக்குத்தானே! போன தடவைக்கு முந்தின தடவை அந்த நீலச் சட்டைக்காரர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்!"

காத்திருக்கும் அறையில் பத்துப் பன்னிரண்டு தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. நீலச் சட்டைக்காரர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். ஒரு வயதான அம்மாள் மட்டும், "நான் பாதி குடிச்சுட்டுத்தான்மா ஊத்துவேன்," என்று தன் நேர்மையைச் சொன்னார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எட்டு வருஷ மரத்துக்கு எறும்பு வளர்த்தது என் வீட்டு ஆளே என்றால் கோபம் வராதா? அது வாய்க்கு வருவதற்குள் இன்னொன்று புரிந்தது. கடைசி இரண்டு நார்மலும் பொய். அந்த நம்பிக்கையில் இவர் தின்ற கேக் அத்தனையும் நிஜம்.

அவர் என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "இங்க பாரு, உன் மரம் பிழைக்கணும், அவ்வளவுதானே? அந்த நாற்காலியை எடுத்துடு. எறும்பு போயிடும், பூச்சி போயிடும். டாக்டர்கிட்ட சொல்லிடாதே. உனக்குத்தான் நஷ்டம். ஊத்தறதுக்கு மரம் இருக்கிறதாலதானே ஊத்தறாங்க, மொதல்ல மரத்தைத் தூக்குன்னு சொல்லுவார்."

மனுஷன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வாயை மூடிக்கொண்டு நாற்காலியைத் தூக்கினால் மரங்கள் பிழைத்துவிடும். இவர் ரிப்போர்ட்டும் நார்மலாகவே இருக்கும்.

"ஏன் ஊத்துனீங்க?" என்றேன்.

அவர் கிளாஸின் அடியைப் பார்த்தார். "பயம்தான். சர்க்கரைன்னு வந்துட்டா? என் வேலையே ருசி பார்க்கறது. ருசி பார்க்காத மாஸ்டரை எவன் வெச்சுப்பான்? அண்ணன் கால் வேற கண்ணு முன்னாடி நிக்குது."

நான் கையைக் கழுவிக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனேன். எறும்பில் ஆரம்பித்து நாற்காலி, கிளாஸ், கணவர்வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"தெரியல டாக்டர். எறும்புக் கூட்டத்தைப் பார்த்தா ஆறேழு மாசம் இருக்கும்."

"அப்ப நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டெல்லாம்?" அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "மரமே இல்லாம இருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது."

 "ஆமாம் டாக்டர்," என்றேன்.

"சனிக்கிழமை பார்க்கலாம். மொதல்ல எல்லாருக்கும் போன் போடு. மறுபடி வரச் சொல்லு. உன் வீட்டுக்காரரையும்தான்."

இரண்டு நாள் போன் பேசியே என் காது பழுத்துவிட்டது. "தண்ணியை மரத்துக்கு ஊத்தினீங்களா?" என்று நான் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் லைனை வெட்டினார்கள், அரை மணியில் தாங்களே கூப்பிட்டு நேரம் கேட்டார்கள். நடுநடுவே மூன்றாவது இடத்து மரத்தையும் வாளியில் அமுக்கினேன். தண்டைச் சுற்றிப் பசை டேப் ஒட்டி, இலைகளைக் கழுவினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எறும்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஜன்னல் வழியாக எங்கிருந்தோ வந்த ஒரு பொறிவண்டு கொழுந்தில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாளைக்கு இந்த மரங்களை யார் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை அறை நிரம்பி வழிந்தது. நாற்காலியைத் தூணுக்குப் பின்னாலிருந்து எடுத்தாயிற்று. ஒவ்வொருவரும் கொசுவின் மேஜைக்கு முன்னால் நின்று கடைசிச் சொட்டுவரை குடிக்க வேண்டும் என்பது புதுச் சட்டம். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். என் கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார். அடுத்த இரண்டு மணி நேரமும் டோக்கனை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. டோக்கன் வேலையைத் துப்புரவு அக்காவிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பிறகு கொசு தாளைக் கொண்டுவந்து என்னிடம்தான் கொடுத்தார். இருநூற்றுப் பதினெட்டு. இருநூறுக்கு மேல் போனால் என்ன அர்த்தம் என்று தினமும் பத்துப் பேருக்கு விளக்குகிறவள் நான். ஆனாலும் அந்த எண்ணைப் புரியாதவள்போல மறுபடி மறுபடி படித்தேன்.

டாக்டர் தொட்டிகளின் பக்கம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். தரையில் செருப்பைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்து, தாளை என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு, "ஆரம்பம்தான்," என்றார் என் கணவரிடம். "மாத்திரை, நடை, வாய்க்கட்டு. ஒழுங்கா இருந்தா நூறு வயசு. ருசி பார்க்கலாம், முழுங்கக் கூடாது. புரியுதா?"

என் கணவர் தலையாட்டினார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா நீ, மூணு தடவை சொல்லிட்டேன், காதுலயே வாங்கலியே. மரம் இங்கேயே இருக்கட்டும். அதுங்க இல்லேன்னா நான் இன்னும் பொய் ரிப்போர்ட்டுலதான் கையெழுத்துப் போட்டுட்டு இருந்திருப்பேன்."

 கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது. என் கணவர் முழங்கையால் இடித்தார்.

"கேட்டுதா? மரம் இருக்கலாமாம்."

"மரம் கிடக்குது," என்றேன். "நீங்க இருக்கணும்."

அறையே கேட்கும்படி கத்தியிருக்கிறேன் என்பது, அத்தனை பேரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.  என் கணவர் தன் கைகளைப் பார்த்தார்.

"சரி, இருக்கேன்," என்றார் பிறகு, முதல் தடவை டோக்கன் வாங்க வந்தவரைப்போல அடக்கமாக.