மஞ்சள் தடவிய அட்டை

கோயிலில் வைத்து வாங்கியதை மாற்றக் கூடாது என்று பெரம்பலூர் வேணுகோபாலுக்கு யாரும் சொல்லவில்லை. அவராகவே கட்டிக்கொண்ட கயிறு அது.

அவர் கணித விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது, ஒரு சார்பு (function) எங்கே மிகக் குறைந்த மதிப்பைத் தொடுகிறது என்ற கணக்கு. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள், எங்கும் பள்ளம். எது எல்லாவற்றிலும் ஆழம்? கணினிக்கோ கண் கிடையாது. தொடக்கப் புள்ளியைக் கொடுத்தால் தடவித் தடவி இறங்கி, முதலில் அகப்பட்ட குழியில் உட்கார்ந்துவிடும்.

அந்தக் காலத்துக் கணினிக்கு எதையும் அட்டையில் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தொடக்க எண்களைத் துளையிட்ட அட்டையை அவர் கல்லங்குறிச்சிப் பெருமாள் பாதத்தில் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி வாங்கியிருந்தார். மற்ற அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். அதை மட்டும் தொடவில்லை. கணினியும் விடாமல் அதே குழியில் விழுந்தது.

"ஏங்க, ஒரே வூட்டுக்குப் போயிப் போயிப் பொண்ணு பார்த்துட்டு, ஊருல வேற பொண்ணே இல்லைன்னா எப்படி?" என்று மனைவி ஜானகி சிரித்தாள்.

"உன்னைப் பார்த்தப்பவும் அப்படித்தானே சொன்னேன்?"

"அந்த விடை சரிங்க. இந்த விடையைச் சொல்லுங்க."

இன்னும் ஆழமான பள்ளம் இருந்தே தீரும் என்று அவருடைய பேராசிரியர் அய்யம்பெருமாள் தாளில் நிறுவிக் காட்டியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குள் அதைக் காட்டாவிட்டால் பதிவு ரத்தாகும். பல வருட உழைப்பு போகும்.

கடைசி நாள், அட்டைப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்தார். மஞ்சள் அட்டை மட்டும் சட்டைப் பையில். பக்கத்தில் பாப்பாத்தி என்ற பெண்; கையில் காய்ச்சலில் துவண்ட பச்சைக் குழந்தை. பஸ் குலுங்கியது. அவள் விரலிலிருந்த மருந்துத் தூள் சிந்திக்கொண்டே இருந்தது.

"சார், கெட்டியா ஒரு காகிதம் இருந்தாக் குடுங்க. இதுதான் கடைசிப் பொட்டலம்."

பெட்டியைப் பிரித்தால் வரிசை குலையும். வேணுகோபால் சட்டைப் பையைத் தொட்டார். குழந்தை முனகியது. எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"என்னங்க சார், ஓட்டை ஓட்டையா இருக்கு?"

"ஓட்டை இல்லாத பக்கமா மடிச்சுக்கம்மா."

மருந்து உள்ளே போனது. அட்டை பிள்ளையின் எச்சிலில் நனைந்து சுருண்டது.

பழைய எண்களையே மறுபடி துளையிட்டாலும் அது பெருமாள் பாதத்தில் வைத்த அட்டை ஆகாது; கணினி மையத்தில் வேறு வழியில்லை. பஸ் டிக்கெட்டிலிருந்த எண்களையே தொடக்கமாக வைத்துப் புது அட்டை துளையிட்டார். இருந்ததைவிட மோசமான குழி. மனம்போன எண்களை வைத்து இன்னொன்று, அதுவும் அப்படியே. ஆனால் கயிறு அறுந்த கை அல்லவா, நிற்கவில்லை. சாயங்காலம் ஓர் அட்டை எங்கோ தள்ளி இறங்கியது, இறங்கிக்கொண்டே போய்ப் பேராசிரியர் சொன்ன பள்ளத்தைத் தொட்டது.

"தொடக்கத்தை மாத்துன்னு எத்தனை தடவை சொன்னேன்! இப்பவாவது மாத்தினியே," என்றார் அய்யம்பெருமாள்.

"நான் மாத்தலைங்க சார். கேட்டு வாங்கிக்கிட்டாங்க."

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட ஜானகி சொன்னாள்: "பெருமாள் எவ்வளவு நாள்தான் பொறுப்பாரு? கையை நீட்டிட்டாரு. ஞாயித்துக்கிழமை போயி அந்தப் புள்ளை பேருல அர்ச்சனை பண்ணிட்டு வருவோம்."

"பேரைக் கேக்கலையே."

"அவருக்குத் தெரியும். நீங்க அட்டை எதையும் எடுத்துட்டு வராம இருந்தாப் போதும்."