யுஜ் கட்டு

பிடரி வலி இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு நாளாக வேர்ச்சொல் அட்டைகள் இருக்கும் அலமாரியைக் குனிந்து குனிந்து துழாவியதில் அண்ணியால் தலையைத் திருப்பக்கூட முடியவில்லை. கொழுந்தன் அப்படிக் கூப்பிடப் போய், அகராதி அலுவலகம் முழுவதற்கும் அவள் அண்ணிதான்.

காணாமல் போனது ஓர் அட்டைக் கட்டு. ‘யுஜ்’ என்ற வடமொழி வேர். சேர், பூட்டு, நுகத்தில் மாட்டு என்று பொருள். அதிலிருந்து கிளைத்த சொற்களை, சொல்லுக்கு ஓர் அட்டையாக எழுதி, மூலையில் ஓட்டை போட்டு, நூலில் கோத்து வைத்திருந்தாள். யோகம், யுக்தி, உத்தியோகம், உபயோகம், பிரயோகம், வியோகம். ஒரு வருட உழைப்பு.

கொழுந்தன் மேல்தான் சந்தேகம். கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை அவள்தான் பேசி இங்கே அட்டை அடுக்கச் சேர்த்துவிட்டாள். கழிவுத்தாளை எடைக்குப் போடுகிறவனும் அவன்தான். போன வாரம் வேறு, போட்டிப் பதிப்பகத்து ஆளோடு தெருமுனையில் நின்று டீ குடித்தான்.

“உண்மையைச் சொல்லிடு தம்பி. எடைக்குப் போட்டியா, அவங்களுக்குக் குடுத்தியா?”

“அதை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன் அண்ணி? வறுத்துத் திங்கவா?”

“சிரிக்காத. அந்த ஆளோட என்ன பேச்சு?”

“ஊர்க்கதைதான். அவனும் என்கூட மூட்டை தூக்கினவன். இப்ப அங்க பார்சல் தூக்கறான்.”

சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தினான். அவளுக்கு அது போதும். பதிப்பாசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

“உங்க வீட்டுப் பையன். நீங்களே சொல்றீங்க. அப்புறம் நான் என்ன யோசிக்கிறது?” என்றார் அவர்.

மத்தியானமே வேலை போயிற்று. வாசலில் நின்று கொழுந்தன் சொன்னான்: “மேசையில கிடந்ததை அடுக்கச் சொன்னீங்க, அடுக்கினேன். வேற எதையும் தொடல.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் வேறொரு சொல்லுக்காக, அகர வரிசையில் எல்லாச் சொற்களும் இருக்கும் பொது இழுப்பறைகளில் ‘வ’வைத் திறந்தாள். ‘வியோகம்’ தட்டுப்பட்டது. தன் வரிசையில் நேராக நின்றது. ஆனால் மூலையில் ஓட்டை. பொது இழுப்பறை அட்டைகளுக்கு ஓட்டை கிடையாது.

‘உ’வை இழுத்தாள். உத்தியோகம், உபயோகம், இரண்டிலும் ஓட்டை. ‘ப’வில் பிரயோகம். ஒன்றுகூட இடம் தப்பவில்லை. திருடுகிறவன் இவ்வளவு அக்கறையாக அடுக்க மாட்டான்.

படியெடுக்க நூலை அவிழ்த்தது அவளேதான். அட்டைகளைப் பரப்பிப் போட்டுவிட்டு, “மேசையில கிடக்கற உதிரியெல்லாம் அகர வரிசையில போட்டுடு தம்பி” என்று சாப்பிடப் போனதும் அவளேதான். கட்டை அவிழ்த்தால் நூலை அட்டைகளின் மேல் குறுக்கே போட வேண்டும். தொடாதே என்று அதற்கு அர்த்தம். அங்கே அதுதான் வழக்கம். கைப்பையைத் திறந்து பார்த்தாள். நூல் அடியில் சுருண்டு கிடந்தது.

“கிடைச்சிடுச்சா? அப்ப வரச் சொல்லுங்க” என்றார் பதிப்பாசிரியர். எங்கே, எப்படி என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் கிடங்குக்குப் போனாள். கொழுந்தன் முதுகில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தான்.

“கட்டு கிடைச்சிடுச்சு தம்பி. உன்னைத் திரும்பக் கூப்பிடறாங்க.”

“யாரு எடுத்தாங்களாம்?”

“இழுப்பறையிலதான் இருந்தது.”

அவன் மூட்டையை இறக்கவில்லை. “அப்ப சரி அண்ணி” என்று ஏறிப் போனான்.

தப்பு என்னுடையது என்ற ஒரு பேச்சும், ஒரு மன்னிப்பும் அவனுக்கு அவள் பாக்கி. இன்னும் தரவில்லை.