ஏழடி உயரத்து மான்கள்

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி கிவிலம்பியில் கடைசிப் பனியும் உருகிப் போனது. மான்கள் மட்டும் இறங்கவில்லை. பனி எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில், தரையிலிருந்து ஏழடி மேலே, ஊருக்கு வடக்கே சீடர் மரங்கள் அடர்ந்த சதுப்பில் முப்பத்தொரு மான்கள் வெறும் காற்றில் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் குளம்புகளுக்குக் கீழே பழுப்புத் தண்ணீர் ஓடியது. முதலில் பார்த்தவள் லெம்பி ஹார்யு. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வெள்ளிக்கிழமைதோறும் வனவிலங்கு அலுவலகத்துக்காகச் சதுப்பில் பனியின் ஆழத்தை அளப்பவள். கையில் அளவுகோல் இருந்தது. காது கிழிந்த பெட்டை மானின் குளம்புக்கு நேர் கீழே அதை ஊன்றிப் பார்த்தாள். ஏழடி. அட்டையில் அப்படியே எழுதினாள். பிறகு அது பனியின் அளவா மானின் அளவா என்று தெரியாமல் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

அந்தக் குளிர்காலம் நவம்பர் முதல் வாரமே தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் வட எல்லையில் உள்ள சுப்பீரியர் ஏரியின் காற்றோடு ஐந்து மாதம் பனி வந்தது. மான்கள் வழக்கம்போல சீடர் மரங்களுக்கடியில் ஒண்டி, எட்டிய இலையைத் தின்றன. பனி ஏற ஏற இன்னும் மேலே எட்டின. ஜனவரியில் பனியின் மேல் ஓடு கட்டியது. அகன்ற பாதமுள்ள ஓநாய்கள் அதன் மேல் ஓடின, கூர்க்குளம்பு மான்கள் வயிறுவரை புதைந்தன. ஒன்பது மான்கள் அப்படிப் போயின. லெம்பிக்கு மனம் கேட்கவில்லை. பிப்ரவரியில் நான்கு மூட்டை சோளத்தைச் சறுக்குப் பலகையில் இழுத்துப்போய்க் கொட்டினாள். மூன்றாம் நாள் பதினோரு மான்கள் சோளத்தைச் சுற்றியே செத்துக் கிடந்தன. அலுவலகத்திலிருந்து வந்த கர்டிஸ் என்ற இளைஞன் ஒரு மானின் வயிற்றைக் கீறிக் காட்டினான். உள்ளே மஞ்சளாக நிறைந்திருந்தது.

"பசியில சாகல, மிசஸ் ஹார்யு. வயிறு நெறஞ்சு செத்திருக்கு. குளிர்காலத்துல அதுங்க வயிறு குச்சிக்கும் பட்டைக்கும்தான் பழகியிருக்கும். திடீர்னு சோளம் போனா புளிச்சு விஷமாயிடும்."

அதுவரை ஊரில் இரண்டே கட்சி. மான்களைக் கொல்வது ஓநாய் என்றார்கள் வேட்டைக்காரர்கள். குளிர் என்றது அலுவலகம். லெம்பி ஓநாய்க் கட்சியில் இருந்தாள். ஒன்பதையும் பதினொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எந்தக் கட்சியிலும் இல்லை.

மார்ச்சில் எஞ்சிய மான்கள் மிகவும் மெலிந்துபோனதால் பனி ஓடு அவற்றின் கீழ் உடையவில்லை. அதற்குப் பிறகு அவை கனமே இல்லாமல் ஆகியிருக்க வேண்டும், அதனால்தான் பனி போனதைக்கூட அவை உணரவில்லை என்று பக்கத்து வீட்டு மரம்வெட்டி அர்வித் சொன்னான். வேறு காரணம் யாரும் சொல்லவில்லை என்பதால் அதையே ஊர் வைத்துக்கொண்டது. சிலர் நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்து பார்த்தார்கள். மே மாதம் கொசு வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனால் அந்த மட்டத்தில் தின்ன எதுவும் மிச்சமில்லை. எட்டும் உயரத்துக்குள் சீடர் மரங்கள் மொட்டையாக இருந்தன. கீழே புல் முளைத்திருந்தது. மான்கள் கழுத்தை நீட்டிப் புல்லைப் பார்த்தபடி பட்டினி கிடந்தன. காது கிழிந்த மானின் வயிற்றில் குட்டி இருந்தது. அது பிழைக்க வேண்டும் என்று லெம்பி முடிவு செய்தாள். பதினொன்றுக்கு ஒன்று ஈடாகாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வேண்டும்.

மரம் வெட்டுபவர்களின் ரம்பச் சத்தம் கேட்டால் மான்கள் ஓடிவரும். விழுகிற மரத்தின் உச்சிக் கிளை அவற்றுக்கு விருந்து. ஆனால் விழுந்த மரம் தரையில் கிடந்து பயனில்லை. பாதி விழுந்து இன்னொரு மரத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதைவிடக் கேவலம் அந்தத் தொழிலில் கிடையாது.

"நாப்பது வருஷத்துல ஒரு மரத்தைக்கூட நான் மாட்ட விட்டதில்ல," என்றான் அர்வித்.

"அதான் இப்ப விடச் சொல்றேன்."

"எங்கப்பா இருந்தா செவுள்லயே ஒண்ணு விட்டிருப்பாரு."

"உங்கப்பா வெட்டினதுல பாதி மாட்டினதுதான். ஊருக்கே தெரியும்."

அர்வித் ஒரு வாரம் அவளிடம் பேசாமலேயே மரங்களை மாட்டினான். துளிர்விட்ட மேப்பிள்கள் சாய்ந்து, சரியாக ஏழடி உயரத்தில் கிளையை நீட்டி நின்றன. மான்கள் காற்றில் நடந்துவந்து தின்றன. மே மாத மூன்றாம் வெள்ளிக்கிழமை லெம்பி அளந்தபோது ஓர் ஆண் மான் ஆறடியில் இருந்தது. தவறு என்று நினைத்து மறுபடி அளந்தாள். அடுத்த வாரம் அது ஐந்தடிக்கு வந்தது. சதை போடப் போட மான்கள் இறங்கின.

கீழே ஒரு சாம்பல் நிறப் பெண் ஓநாய் உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு எண்ணலாம்போல் இருந்தது. முலைகள் தொங்கின, எங்கோ குட்டிகள் இருந்தன. அது குதிக்கவில்லை, உறுமவில்லை. மேலே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. லெம்பி கல்லை எடுத்தாள். எடுத்த கல்லை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு கர்டிஸிடம் தொலைபேசியில் பேசினாள்.

"தீனி குடுத்தா எறங்குது, ஓநாய் தின்னுடும். குடுக்கலன்னா மேலயே சாகுது. நான் என்னதான் பண்ண?"

"எங்க கையேட்டுல பறக்குற மானுக்கு ஒண்ணும் போடலீங்க."

"அது பறக்கல தம்பி. நிக்குது."

"நிக்கிறதுக்கும் போடல."

ஐந்து நாள் அவள் அர்வித்தை வரவேண்டாம் என்றாள். ஐந்தாம் நாள் ஒரு கிழட்டு மான் நின்ற இடத்திலேயே படுத்துச் செத்தது. செத்தும் இறங்கவில்லை. காக்கைகள் அதைக் கீழிருந்தும் மேலிருந்தும் தின்றன. ஆறாம் நாள் காலை லெம்பி அர்வித்தின் கதவைத் தட்டி, "ரம்பத்த எடு," என்றாள். "முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டான். "இல்ல. எடு," என்றாள்.

ஜூன் ஒன்பதாம் தேதி காது கிழிந்த மான் குட்டி போட்டது. லெம்பி கீழே போர்வையை விரித்துப் பிடித்திருந்தாள். இருபது அடி தள்ளி ஓநாய் எழுந்து நின்றது. குட்டி வழுக்கி வெளியே வந்தது, ஆனால் விழவில்லை. தாயின் கால்களுக்கிடையே, தான் பிறக்கும் முன்பே உருகிப்போன பனியின் மேல், ஈரமாகக் கிடந்தது. பிறகு எழுந்தது. லெம்பி போர்வையை மடித்தாள். ஓநாய் உட்கார்ந்தது.

கோடை முழுக்க மான்கள் ஒவ்வொன்றாகத் தரை தொட்டன. ஓநாய் ஐந்தைப் பிடித்தது, மற்றவை ஓடித் தப்பின. அதன் விலா எலும்புகள் மறைந்தன. தாய் மானோ தின்றதையெல்லாம் பாலாக்கியது, அதனால் கடைசிவரை மேலேயே இருந்தது. குட்டியும் அதனுடன் வாரத்துக்கு ஏழெட்டு விரற்கடை இறங்கியது. ஆகஸ்ட் பத்தில் மூன்றடி. செப்டம்பரின் முதல் சனிக்கிழமை, ஒரு சாண். லெம்பி விடிந்ததுமே வந்துவிட்டாள். ஓநாய் அவளுக்கு முன்பே வந்திருந்தது, இரண்டு குட்டிகளுடன்.

பத்து மணி வாக்கில் மான்குட்டியின் குளம்பு பாசியைத் தொட்டது. அதற்குத் தரை பழக்கமில்லை. இரண்டு எட்டு வைத்ததும் முழங்கால் மடிந்தது. ஓநாய் அதை நோக்கிப் பாய்ந்து கிளம்பியது. லெம்பி வாயைத் திறந்தாள், யார் பெயரைச் சொல்லிக் கத்துவதென்று தெரியவில்லை. தாய் மான் ஓடியது, மான்குட்டி பின்னால் ஓடியது. ஓநாய்க்கும் அதற்கும் இடைவெளி ஓர் உடல் நீளம் ஆனபோது, குட்டி முன்னங்காலை உயர்த்தி, படியில் வைப்பதுபோலக் காற்றில் வைத்தது. அடுத்த காலையும் வைத்தது. ஏழடிவரை ஏறி நின்று, திரும்பிக் கீழே பார்த்தது. ஓநாய் தான் ஓடிவந்த வேகத்தில் அதன் நிழலைத் தாண்டிப் போய் நின்றது. அதன் குட்டிகள் பின்னால் வந்து தாயைப் பார்த்தன, பிறகு மேலே பார்த்தன.

பிறகு ஓநாய் முன்னங்காலின் மேல் தலையை வைத்துப் படுத்தது. ஊர் வழக்கப்படி சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்ட வேண்டியிருந்ததால் லெம்பி வீட்டுக்குக் கிளம்பினாள்.