கொடுத்து வைத்த கெட்டில்

தையல்காரிக்குச் சக்களத்தி என்று ஒருத்தி உண்டென்றால், அது அவள் வீட்டுப் பழைய கெட்டில்தான். சிரிக்காதீர்கள். வயிறு எரிகிறவளுக்குத்தான் தெரியும்.

அவள் புருஷன் பகலெல்லாம் ஆபீஸில் கட்டட பிளான் போடுகிறவர். சாயங்காலம் வந்தால் பேச்சு கிடையாது. வீட்டுச் சாமான்களை வரைய உட்கார்ந்துவிடுவார். கரண்டி, இஸ்திரிப்பெட்டி, வாளி என்று வரைந்து தள்ளியவர் இப்போது கெட்டிலிடம் வந்திருந்தார். அதை மேஜையில் வைத்து, அடியைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டார். படம் முடிகிறவரை யாரும் அசைக்கக் கூடாதாம். அதுவரை அவள் குண்டானில் வெந்நீர் வைத்துக்கொண்டாள்.

வரையும்போது அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, விட்டால் கண்ணாலேயே விழுங்கிவிடுவார். ஒருநாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வேண்டுமென்றே குறுக்கே போனாள். வெளிச்சம் மறைக்கிறது, கொஞ்சம் தள்ளு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து, முடிந்த படத்தைப் பார்த்தாள்.

"கெட்டில் கொடுத்து வெச்சது, அண்ணி."

சுருக்கென்றது. தையல்காரியும் படத்தை வாங்கிப் பார்த்தாள்; குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள். கிடைக்கவில்லை. பாவி மனுஷன் அப்படி வரைந்து வைத்திருந்தார். பிடியில் அவள் சுற்றிய துணியில் நூல் பிரிந்திருப்பது, மூக்குக்குக் கீழே வழிந்த கறை, போன வருஷம் அவள் கைதவறிப் போட்டதில் விழுந்த நசுங்கல், ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. அதனால் இன்னும் எரிந்தது.

நாத்தனார் கிளம்பியதும் கெட்டிலைத் தூக்கி அலமாரியில் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னை வரைங்க. அசைய மாட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எதிரே உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். கண் சுருங்கியது, தலை சாய்ந்தது. அந்தப் பார்வை கடைசியில் அவள் பக்கம் திரும்பியே விட்டது. அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்றது. கெட்டிலை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

பென்சில் நின்றது.

"நெத்தியில இந்தத் தழும்பு எப்ப விழுந்துச்சு?"

அவர் தலைக்கு நேர் மேலே, சுவரில் அவர்களுடைய கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. அதிலும் அந்தத் தழும்பு இருந்தது.

அசைய மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.