முதல் நாற்பது வினாடி

என் இசையைக் கேட்காதவர்கள் இந்த ஊரில் கிடையாது. ஆண்டர்சன்பேட்டையில் யாராவது இறந்தால் சுந்தரராஜ் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிக்கிறாரே, அந்தக் குரலுக்குப் பின்னால் ஓடுவது என்னுடையதுதான். பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். சாயங்காலம் வந்ததும், அப்பாவின் பாத்திரக் கடைக்கு மேலே இருக்கும் என் அறையில், லேப்டாப்பும் சின்ன கீபோர்டும் வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் மியூசிக் செய்கிறேன். கீழே வியாபாரம் நடப்பதால் ஸ்பீக்கர் கூடாது, ஹெட்போன்தான். எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு ட்ராக் முடித்தேன். ஆறு நிமிடம். முதல் நாற்பது வினாடிக்கு மெல்லிய ஒலி ஒன்று மட்டும் நீண்டுகொண்டே போகும். அதற்குப் பிறகு டிரம்ஸ் இறங்கும், பேஸ் சேர்ந்துகொள்ளும், கால் தானாக ஆடும். ஆடுவதற்காகவே செய்த ட்ராக் அது. இணையத்தில் போட்டேன். முப்பத்தொரு முறை கேட்கப்பட்டிருந்தது. அதில் பாதி நானே.

அந்தச் சமயத்தில்தான் சுந்தரராஜ் கடைக்கு வந்தார். அறிவிப்புக்குப் பின்னால் பக்திப் பாட்டு போட்டால் கிறிஸ்தவர்கள் முகம் சுளிக்கிறார்களாம், ஞானப்பாட்டு போட்டால் மற்றவர்கள் சுளிக்கிறார்களாம்.

“சாமி பேரே இல்லாத மியூசிக்கா ஒண்ணு வேணும்மா. நீ கம்ப்யூட்டர்ல இன்னாவோ பண்றியாமே,” என்றார்.

என்னிடம் மியூசிக் வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் நாற்பது வினாடியை வெட்டி பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரே வருடத்தில் ஊர் பழகிவிட்டது. அந்த ஒலி கேட்டால் தெருவில் பேச்சு நிற்கும், ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கிறதே என்று ஆசையாக ஸ்பீக்கரில் முழு ட்ராக்கையும் போட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

“யாருடி போயிட்டது?”

“யாரும் போவலம்மா. என் மியூசிக்.”

“மொதல்ல அத்த நிறுத்து. வெளக்கேத்தற நேரத்துல.”

டிரம்ஸ் வருவதற்குள் நிறுத்தினேன். மறுநாளே சுந்தரராஜிடம் போய், அதை அழித்துவிடச் சொன்னேன்.

“நான் அழிச்சா மட்டும் போயிடுமா? பேத்தமங்களா ஆட்டோக்காரன் வரைக்கும் வாட்ஸ்அப்ல வச்சிக்கினு கீறான். வேற ஒண்ணு குடு, நான் மாத்திடறேன்.”

வேண்டுமென்றே துள்ளலாக ஒன்று செய்து கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இதுவும் நல்லா சோகமா கீதும்மா,” என்றார். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அதன் பிறகு லேப்டாப்பைத் திறந்து எதை வாசித்தாலும், அதன் மேல் ‘காலமானார்’ என்று அவர் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த ஊர் ஒரே ஒரு முறை என் ட்ராக்கை நாற்பது வினாடியைத் தாண்டிக் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

போன மாதம் சாம்சன் அங்கிள் இறந்தார். பின் தெருவில்தான் வீடு. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், ஆட்களைக் கீழே கொண்டுபோகும் கூண்டை, அதாவது கேஜை, ஏற்றி இறக்கும் இஞ்சினை ஓட்டியவர். கடைசி மூன்று வருடம் நுரையீரல் கெட்டு ஜன்னலோரக் கட்டிலிலேயே கிடந்தார்; மனைவி பிலோமினா ஆன்ட்டிதான் பார்த்துக்கொண்டார். காலையில் சுந்தரராஜ் என்னைத் தேடி வந்தார்.

“பிலோமினாம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. பெட்டி மூடறதுக்கு முன்னாடி உன் மியூசிக்க முழுசா போடணுமாம். அவரு கேட்டுக்கினாராம்.”

“முழுசாவா?”

“முழுசாத்தான்.”

ஐந்து நிமிடம் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். பிணம் கிடக்கும், பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள், ஃபாதர் நிற்பார், சரியாக நாற்பதாவது வினாடியில் டிரம்ஸ் இறங்கும். சாவு வீட்டில் டான்ஸ் மியூசிக் போட்டவள், பாத்திரக்கடை ராமசாமி மகள் என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். யாரும் என்னிடம் ட்ராக்கை வெட்டச் சொல்லவில்லை. நானேதான் டிரம்ஸை எடுத்தேன். பேஸையும் எடுத்தேன். மிச்சம் ஒன்றும் உருப்படியாக இல்லை. அதனால் முதல் நாற்பது வினாடியையே ஒன்பது முறை ஒட்டி, ஆறு நிமிடம் ஆக்கினேன்.

மூன்று மணிக்குப் பந்தலில் ஸ்பீக்கரோடு லேப்டாப்பை இணைத்துப் போட்டேன். ஒருவரும் அசையவில்லை. ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மட்டும் ஒவ்வொரு நாற்பது வினாடிக்கும் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போட்டது. முடிந்ததும், “இனிமே எல்லாத்துக்கும் இதான்,” என்று சுந்தரராஜ் காதோரம் சொன்னார்.

பிலோமினா ஆன்ட்டி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையசைத்துக் கூப்பிட்டார். லேப்டாப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

“முடிஞ்சிதாம்மா?”

“முடிஞ்சிது ஆன்ட்டி.”

“ஆட்டோ போவும்போதெல்லாம் காது குடுத்துக் கேப்பாரு. இதுக்கப்புறம் பெருசா இன்னாவோ வரப்போவுது பிலோ, அந்தப் பொண்ணு புடிச்சி வச்சிக்கினு கீதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. அத்தக் கேக்காம போறேனேன்னு நேத்துகூட சொன்னாரு.” என் முகத்தையே பார்த்தார். “அப்பிடி ஒண்ணும் இல்லியா?”

டிரம்ஸ் இறங்கும் பழைய ஃபைல் என் கையிலேயே, அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. பந்தல் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“இல்ல ஆன்ட்டி,” என்றேன். “இவ்ளோதான்.”